வளவு வீட்டில் சிமெண்ட் பூசிய கதை

மகளுக்கு ஆனியில் கல்யாணம் என்று முடிவானதும் அப்பத்தா ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்: "ஊர் வீட்டுலதான்." காரைக்குடியிலிருந்து காரில் அரை மணி நேரம். முகப்பும் வளவும் (நடுவில் முற்றம் உள்ள முதல் கட்டு) ஓரளவு நன்றாகவே இருந்தன. இரண்டாங்கட்டில்தான் ஓடு ஒழுகியது, சுவர் அடியில் பொரிந்திருந்தது, தரையில் பத்துக்கு ஒரு ஆத்தங்குடிக் கல் (கையால் வார்க்கும் பூப்போட்ட சிமெண்ட் தரைக்கல்) உடைந்து கிடந்தது. பத்து மாதம் இருக்கிறதே என்று தைரியமாக இறங்கினோம்.

முதலில் பங்காளிகளின் சம்மதம். எங்களையும் சேர்த்து ஐந்து புள்ளிக்கும் (குடும்பத்துக்கும்) பங்குள்ள வீடு. மூன்று பேர் வாட்ஸ்அப்பில் 'சரி' போட்டார்கள். பினாங்கில் இருக்கும் சித்தப்பா மகன், "எங்க அறையத் தொடாதீங்க, மத்ததெல்லாம் உங்க இஷ்டம்" என்றார். அவர் அறையின் கூரையில்தான் ஒழுகலே ஆரம்பிக்கிறது. அவர் ஊருக்கு வரும்வரை இரண்டு வாரம் போனது. அறையைத் திறந்து, ஈரத்தில் உப்பிப் போயிருந்த அவர் அம்மாவின் டிரங்குப் பெட்டியைக் காட்டியதும் அங்கேயே கையெழுத்துப் போட்டார். யாருடைய பகுதியில் என்ன வேலை, பணம் யார் தருவது என்று முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால் அந்த இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும்.

அடுத்து காண்ட்ராக்டர். பெரிய ஊரில் அடுக்குமாடி கட்டுகிறவர், உறவுக்காரர் ஒருவர் கைகாட்டினார். சதுர அடிக் கணக்கில் ரேட் எழுதி, அழகான படமெல்லாம் போட்டுக் கொடுத்தார். பேச்சோடு பேச்சாக, "கழிக்கிற பழைய மரத்தை நானே எடுத்துக்கிறேன், ஒரு லட்சம் குறைச்சுக்கலாம்" என்றார். நான் தலையாட்டியே விட்டேன். நல்லவேளை, சித்தப்பா ஒரு ஆசாரியைக் கூட்டி வந்தார். அவர் சின்னக் கத்தியால் ஒரு உத்தரத்தின் ஓரத்தைச் சுரண்டி மோந்து பார்த்துவிட்டு, "பர்மாத் தேக்கு, உள்ள இன்னும் எண்ணெய் இருக்கு" என்றார். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளில் விலை கேட்டேன். 'கழிக்கிற' பட்டியலில் இருந்த இரண்டு தூண் மட்டுமே அந்த லட்சத்தைத் தாண்டியது. செட்டிநாட்டில் வீட்டு வேலை எடுப்பவர்கள் இதை மட்டும் மறக்க வேண்டாம்: பழைய மரம், கதவு, ஓடு, கல் எல்லாவற்றையும் எண்ணி, படம் எடுத்து, ஒப்பந்தத்தில் 'வீட்டுக்காரருக்கே' என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அப்போதே காண்ட்ராக்டரை அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. அட்வான்ஸ் கொடுத்தாயிற்றே என்ற நினைப்புதான்.

அவர் கூரையைப் பிரித்தது புரட்டாசிக் கடைசியில். ஐப்பசி மழை எங்கே போகும்? பத்து நாள் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மழை விட்டதும் சுவரில் பொரிந்த இடங்களைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசினார்கள். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தது, நானும் சந்தோஷப்பட்டேன். தை கடைசியில் போனால், தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து, பூச்சு அப்பளம் மாதிரி எழும்பி நின்றது. அதற்குள் இன்னொரு கூத்தும் நடந்திருந்தது. புதுக் கல் போட்ட தரையில் 'பளபளப்பு வரட்டும்' என்று மார்பிள் பாலிஷ் மிஷினை ஓட்டியிருக்கிறார்கள். ஆத்தங்குடிக் கல்லின் மினுமினுப்பு அச்சு வார்க்கும்போது அடியில் இருக்கும் கண்ணாடியிலிருந்து வருவது. மேலே இருப்பது மெல்லிய வண்ண அடுக்கு மட்டும்தான். மிஷின் போன இடமெல்லாம் பூவின் சிவப்பு கரைந்து சிமெண்ட் நிறம் தெரிந்தது. "ஆசிட் போட்டா சரியாயிடும் சார்" என்றான் அந்தப் பையன். மிஷினின் வயரைப் பிடுங்கினேன்.

காண்ட்ராக்டரிடம் மிச்சப் பணம் தர முடியாது என்றேன். கொஞ்ச நாள் சத்தம் போட்டார், அப்புறம் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

மாசியில் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். எழுபது வயதிருக்கும், சுண்ணாம்பு வேலை மட்டும் செய்கிற கொத்தனார். படம், ரேட் எதுவும் கேட்கவில்லை. விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே நடந்தார். ஒரு இடத்தில் 'டக்' என்றது, இன்னொரு இடத்தில் 'டொப்' என்றது. 'டொப்' என்ற இடத்திலெல்லாம் கரியால் கோடு போட்டார். "தம்பி, இது சுண்ணாம்புச் செவுரு. மண்ணுல இருந்து ஈரம் ஏறும், செவுரு வழியா வெளிய போயிரும். நீங்க சிமெண்ட வச்சு வாயப் பொத்திட்டீங்க."

முன்பு அவர் செய்த வீட்டைக் காட்டச் சொன்னேன். "ரெண்டு மழ பார்த்த வீடாக் காட்டுறேன்" என்று அவரே கூட்டிப் போனார். ஆள் தேடுகிறவர்கள் இதையே கேளுங்கள். நேற்று முடித்த வேலை எல்லாமே அழகாகத்தான் இருக்கும்.

சிமெண்ட் முழுவதையும் கொத்தி எறிந்து, சுவரைக் காயவிட்டு, தொட்டியில் சுண்ணாம்பை ஊறப்போட்டார். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் கலவை. கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு. அப்பத்தா முட்டைக் கணக்கைக் கேட்டுவிட்டு, "மஞ்சக் கருவ என்ன செய்யுறீக?" என்றார். சித்தாள்கள் வீட்டில் அந்த மாதம் முழுவதும் முட்டைப் பொரியல்தான். கூழாங்கல்லால் தேய்த்து முடித்த அன்று கண்ணாடியில் தெரிகிற மாதிரி சுவரில் என் கை தெரிந்தது. நாள் கூலி என்பதால் செலவு எகிறுமோ என்று பயந்தேன். ஆனால் காண்ட்ராக்டர் சுவருக்குப் போட்ட தொகையைவிடக் குறைவாகவே முடிந்தது. நாள்தான் கூடுதல், ஒவ்வொரு பூச்சும் காய அவர் அவசரப்படவே விடவில்லை.

கல்லுக்கு மறுபடி ஆத்தங்குடி போனேன். உடைந்த பழைய கல் ஒன்றைக் கையில் கொண்டுபோனதால் அச்சு கிடைத்தது. நிறம் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருந்தது. தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்துத் துடைத்து நடமாடினால் பழையதோடு சேர்ந்துவிடும் என்றார்கள். தேவைக்கு மேல் முப்பது கல் வாங்கி வைத்தேன். அடுத்த முறை இதே நிறம் வருமா என்பது சந்தேகம்.

மிஷின் கடித்த கற்களில் ஒன்பது மட்டும் இன்னும் இருக்கின்றன. பக்கத்துக் கல் உடையாமல் பெயர்க்க முடியாது என்று பெரியவர் சொல்லிவிட்டார். கல்யாணத்தன்று அந்த இடத்தில் பவானி ஜமுக்காளம் விரித்து, அதன்மேல் அப்பத்தாவுக்கு நாற்காலி போட்டோம்.