அடுப்பருகே வைத்த எட்டுத் தோல்கள்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், பொறி வைத்து விலங்கு பிடிக்க உரிமம் பெற்ற பெரியவர் ஒருவரிடம் இரண்டு பருவங்கள் வேலை செய்தேன். சதுப்பு நிலத்தில் பொறி வைப்பதை அவர் பார்த்துக்கொள்வார். பிடிபட்ட மஸ்க்ராட்டை உரித்துத் தோலைக் காயவைப்பது என் பொறுப்பு. பழைய அகராதியொன்றைப் புரட்டிய அண்ணன் அது மூஞ்சூறு என்று சொல்லிவிட்டதால், யாழ்ப்பாணத்தில் அம்மா பல நாட்கள் முகம் சுளித்துக்கொண்டிருந்தார். இது வேறு விலங்கு; ஏறக்குறைய ஒரு கிலோ எடையும், பக்கவாட்டில் தட்டையான செதில் வாலும் உடைய நீர்வாழ் கொறிவிலங்கு. கனேடியக் குதிரைப்படைப் பொலிஸார் குளிர்காலத்தில் அணியும் தொப்பி இதன் ரோமத்தால் ஆனது என்று சொன்ன பிறகுதான் அம்மா சற்றுச் சமாதானமானார்.

சேறு படிந்த ரோமத்தை முதலில் கழுவி, மின்விசிறிக் காற்றில் நன்றாக உலர்த்திய பின்பே கத்தியை எடுக்க வேண்டும். ஒரு குதிகாலிலிருந்து மறு குதிகால்வரை ஒரே ஒரு வெட்டு. அதன் பிறகு, வியர்த்த பனியனைத் தலைவழியாகக் கழற்றுவதுபோலத் தோலை உட்புறம் வெளியே வருமாறு உருவிவிடலாம். காதுகளையும் கண்களையும் கடக்கும்போது மட்டும் கத்தி எலும்பை ஒட்டியே செல்ல வேண்டும். துலரேமியா என்னும் தொற்று கைக்கீறல் வழியாகப் பரவக்கூடும் என்பதால் கையுறை இல்லாமல் பெரியவர் என்னை மேசையருகே விட்டதே இல்லை.

அக்குளில் திரண்டிருக்கும் கொழுப்பை மழுங்கிய கத்தியால் வழித்தெடுப்பேன். ஆனால் முதுகில் ஒட்டியிருக்கும் மெல்லிய செந்நிறப் படலத்தில் கைவைக்கக் கூடாது. அதையும் சுரண்டினால் மயிர்க்கால்கள் வெளிப்பட்டு ரோமம் உதிர்ந்துவிடும். சுத்தமாக்குகிறேன் என்ற நினைப்பில் தொடக்கத்தில் நான் கெடுத்த தோல்கள் சில உண்டு. பிறகு, ரோமம் உள்ளே இருக்கும்படி கம்பிச் சட்டத்தில் மாட்டி, அளவாக இழுத்துக் கொக்கியிட வேண்டும். ஓர் அங்குல நீளத்துக்கு ஆசைப்பட்டு இழுத்தால் ரோமத்தின் அடர்த்தி குறைந்துவிடும்.

காயவைக்கும் கொட்டகையின் வெப்பம் 15 முதல் 18 பாகை செல்சியஸுக்குள் இருக்க வேண்டும் என்பது பெரியவர் வைத்திருந்த கணக்கு. நவம்பர் மாத இறுதியில் ஓரிரவு கடுங்குளிர். மாலையில் மாட்டிய தோல்கள் ஈரத்திலேயே கெட்டுவிடுமோ என்று பயந்து, எட்டுச் சட்டங்களை விறகடுப்பின் அருகே நகர்த்தி வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். விடிந்து பார்த்தபோது மேற்பரப்பு கண்ணாடிபோல் மஞ்சளாகப் பளபளத்தது. மிச்சமிருந்த கொழுப்பு உருகித் தோலுக்குள் இறங்கியிருந்தது. ஒன்றை எடுத்து விளிம்பில் மடித்துப் பார்த்தேன், அப்பளம்போல் நொறுங்கியது. அக்குள் மடிப்பிலோ ஈரம் அப்படியே இருந்தது!

பெரியவர் திட்டவில்லை. என் கூலியில் பிடிக்கவுமில்லை. நோர்த் பே நகரில் நடக்கும் ரோமத்தோல் ஏலத்துக்கு அனுப்பும் தோல்கட்டோடு அவற்றைச் சேர்க்காமல், எட்டையும் கொட்டகைக் கதவருகே ஓர் ஆணியில் மாட்டிவைத்தார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஒழுங்காக விட்டுவைத்தால் இரண்டு மூன்று நாட்களில் தோல் தானாகவே காய்ந்துவிடும். தோலின் நிறத்தைப் பார்த்தே விலங்கு பிடிபட்ட காலத்தையும் ஒருவாறு ஊகிக்கலாம். இலையுதிர்காலத் தோலில் நீலக்கறுப்புத் திட்டுகள் தெரியும். குளிர்காலம் முதிர்ந்து ரோமம் நிறைவடைந்த பிறகு பிடித்ததில் திட்டுகள் மறைந்து நிறம் வெளுத்திருக்கும். சட்டத்திலிருந்து கழற்றுமுன் அக்குளையும் உதட்டோரத்தையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன். அங்கே சில்லென்று இருந்தால் இன்னும் ஒரு நாள் பொறுக்க வேண்டும்.

இரண்டாம் பருவத்திலும் அந்த எட்டில் ஒன்று ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. புதிய தோலைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் அதை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டே கொக்கியை விடுவிப்பேன்.