பெருங்காயம் இல்லாத மூன்று நாள்: கொடைக்கானலும் பூம்பாறையும்

ஆயுத பூஜையோடு சனி, ஞாயிறும் சேர்ந்து மூன்று நாள் விடுமுறை கிடைத்தது. கொடைக்கானல் போகலாம் என்று முடிவானதும் ஸ்வெட்டருக்கு முன்னால் பைக்குள் போனவை இவை: இரண்டு லிட்டர் குக்கர், சின்ன தோசைக்கல், ஒரு கரண்டி, புதிதாக வாங்கிய பாத்திரம் தேய்க்கும் நார், பெருங்காயம் சேர்க்காமல் இடித்த இட்லிப் பொடி.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. எட்டு வயதில்தான் அவளுக்குச் சீலியாக் நோய் என்று தெரிந்தது. அதற்கு முன்னால் இரண்டு வருடம் ரத்தச்சோகை மாத்திரை, பூச்சி மருந்து, டானிக் என்று அலைந்தோம். எடையும் ஏறவில்லை, உயரமும் கூடவில்லை. கடைசியில் ஒரு ரத்தப் பரிசோதனையும் எண்டோஸ்கோப்பியும் செய்து கண்டுபிடித்தார்கள். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. இந்த நோய் உள்ளவர்கள் அதைச் சாப்பிட்டால் அவர்கள் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலைத் தாக்கும். சத்தை உறிஞ்சுகிற மெல்லிய விரல்கள் போன்ற பகுதி தேய்ந்து தட்டையாகிவிடும். இதைக் குணமாக்கும் மருந்து இல்லை. ஆயுள் முழுக்கக் குளூட்டன் படாமல் சாப்பிடுவதுதான் வைத்தியம். ‘குளூட்டன் இல்லாதது’ என்று ஒரு பொட்டலத்தில் அச்சிட வேண்டும் என்றால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது. அவ்வளவு நுணுக்கமான கணக்கு.

அரிசி சாப்பிடுகிற ஊரில் இது ஒரு கஷ்டமா என்று பலரும் கேட்பார்கள். முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்புறம்தான் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படித்தேன். சுத்தமான பெருங்காயம் அப்படியே போட முடியாத அளவுக்குக் காட்டமானது. அதனால் மாவும் பிசினும் கலந்துதான் கடைக்கு வருகிறது. சிலர் அரிசி மாவு கலக்கிறார்கள், பலர் மைதா கலக்கிறார்கள். அந்த ஒரு சிட்டிகையால் ஓட்டல் சாம்பார், ரசம், தாளித்த சட்னி, சுண்டல் எல்லாமே எங்களுக்கு விலகிப் போயின. தோசை அரிசியும் உளுந்தும்தான். ஆனால் அதே கல்லில் ரவா தோசையும் சப்பாத்தியும் போடுவார்கள். “கோதுமை இல்லைங்க, ரவைதான்” என்று நல்ல மனதோடு சொல்கிறவர்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ரவையும் சேமியாவும் மைதாவும் கோதுமையின் பிள்ளைகள் என்பதை ஒவ்வொரு கடையிலும் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, மதுரையிலிருந்து கிளம்பினோம். பூஜைக்கு வைத்த பொரி, பொட்டுக்கடலை, வெல்லம்தான் வழி முழுக்கத் தீனி. வருடத்தில் எல்லோர் வீட்டுப் பிரசாதத்தையும் மகள் யோசிக்காமல் வாங்கிக்கொள்ளும் நாள் இது ஒன்றுதான், சுண்டலை மட்டும் விட்டுவிட்டால். வத்தலக்குண்டு தாண்டி மலையேறும்போது சாலையோரம் மலை வாழைத்தார் தொங்கியது. ஒரு சீப்பு வாங்கினோம். இ-பாஸை வீட்டிலேயே இணையத்தில் பதிந்து வைத்திருந்ததால் சோதனைச் சாவடியில் தாமதம் இல்லை. சில்வர் கேஸ்கேட் அருவியில் நல்ல தண்ணீர்.

கொடைக்கானல் பேக்கரி ஊர். 1863இல் வெட்டிய ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் நடந்தால், நட்சத்திர வடிவக் கரையின் ஒவ்வொரு வளைவிலும் ரொட்டி, பிரெட் ஆம்லெட், மேகி, பிரெட் பஜ்ஜி வாசம் வரும். மகள் மூக்கை மூடிக்கொள்ள மாட்டாள், நிற்கவும் மாட்டாள். சுட்ட மக்காச்சோளம் ஒன்றை வாங்கிக் கடித்துக்கொண்டே வேகமாக நடப்பாள். அந்த நடை எனக்குப் பழக்கம். ஆனாலும் ஒவ்வொரு முறையும் மனதை அறுக்கும்.

அன்று மாலை ஒரு கடையில் உருளைக்கிழங்கு சிப்ஸ் கேட்டாள். மைதா கலந்ததா என்று கேட்டேன். “வெறும் கிழங்குதாங்க” என்றார்கள். அது உண்மைதான். எந்த எண்ணெயில் பொரிக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவள் பாதித் தட்டைக் காலி செய்த பிறகு, அதே சட்டியில் பிரெட் பஜ்ஜி இறங்கியதைப் பார்த்தேன். இரவு பத்து மணிக்கு வயிற்று வலியும் வாந்தியும் தொடங்கின. சனிக்கிழமை காலை எழுந்திருக்கவே முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி மரம் மரமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். போக நினைத்த இடங்களை எல்லாம் விட்டுவிட்டோம்.

பத்து மணி வாக்கில் விடுதிச் சமையல்கார அண்ணன் தானாக மேலே வந்து விசாரித்தார். நான் முழுசாகச் சொன்னேன்: தனிக் கல், தனிக் கரண்டி, தனி எண்ணெய். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப புரட்டாசிக்கு எங்க வீட்டுல தனிச் சட்டி எடுக்கிற மாதிரிங்களாக்கா? மீன் பொரிச்ச எண்ணெயில வடை சுட மாட்டோம்ல?” என்றார். நான்கு வருடமாக நோய், புரதம், ஒவ்வாமை என்று எவ்வளவோ விளக்கியிருக்கிறேன். இதைவிடச் சரியாக யாரும் புரிந்துகொண்டதில்லை. அதற்குப் பிறகு போன இடமெல்லாம் நானும் இதையே சொன்னேன். எல்லோரும் உடனே தலையாட்டினார்கள், கையையும் கழுவிவிட்டு வந்தார்கள்.

அவர் இட்லித் தட்டைச் சுடுதண்ணீரில் கழுவி, புதுத் துணி விரித்து இட்லி ஊற்றினார். தேங்காய்ச் சட்னியைத் தாளிக்காமல் கொடுத்தார். மதியம் அறையிலேயே குழையச் சோறு வைத்தேன். 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் அரிசி வேக ரொம்ப நேரம் பிடிக்கும். குக்கர் கொண்டுபோனது நல்லதாகிவிட்டது. சாயங்காலம் அவள் எழுந்து உட்கார்ந்து பொரி கேட்டாள். எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

“பூம்பாறையில எங்க அக்கா வீடு இருக்கு, போன் பண்ணிச் சொல்றேன், நாளைக்கு அங்க சாப்பிடுங்க” என்றார் அண்ணன். ஞாயிறு காலை கிளம்பினோம். கொடைக்கானலிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள்தான். சாலை வளைவில் வண்டியை நிறுத்திக் கீழே பார்த்தால் படிப்படியாக வயல்கள், நடுவில் ஓட்டு வீடுகள் நெருக்கிக் கட்டிய ஊர். பச்சையிலேயே அத்தனை வகை. குழந்தை வேலப்பர் கோயிலில் கூட்டம் இல்லை. பழனியைப் போலவே இங்கும் மூலவரைப் போகர் நிறுவினார் என்று சொல்கிறார்கள். மகள் வெகுநேரம் கண்ணை மூடி நின்றாள்.

அக்கா கேழ்வரகுக் களி கிண்டத் தயாராக இருந்தார். கேழ்வரகில் குளூட்டன் கிடையாது. ஆனால் மாவை மில்லில் கோதுமைக்குப் பின்னால் அரைத்திருப்பார்கள். தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். அவர் முகம் கொஞ்சமும் வாடவில்லை. “அதுக்கென்ன தாயி, சோறாக்கிருவோம்” என்று களிப் பானையை இறக்கி வைத்தார். மிளகாய்ப் பொடியும் மில்லில் அரைத்ததுதான் என்று அவரே சொல்லி, முழு மிளகாயையும் மல்லியையும் வறுத்து அம்மியில் அரைக்க உட்கார்ந்தார்.

குழம்புக்குப் பூண்டு எடுக்க அண்ணாந்து பார்த்தார். அடுப்புக்கு மேலே பரணில் மலைப்பூண்டு கொத்துக் கொத்தாகத் தொங்கியது. புகை படப் பட ஒரு வருடம் ஆனாலும் கெடாது என்றார். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பல்லை நசுக்கியதும் வந்த நெடி சமையலறையைத் தாண்டித் திண்ணைவரை போனது. நல்லெண்ணெயில் கடுகும் வெந்தயமும் பொரிந்ததும் இரண்டு கைப்பிடி பூண்டு, சின்ன வெங்காயம், புளித்தண்ணீர். நான் பெருங்காயத்தைப் பற்றிப் பேச வாயெடுத்தேன். “பூண்டுக் குழம்புக்கு எதுக்குக் காயம்?” என்று அவரே கேட்டார். ஆமாம். பூண்டு சேர்க்காத வீடுகளில்தான் காயத்துக்கு அவ்வளவு வேலை. நான்கு வருடமாகக் காயம் இல்லாத குழம்பை ஏதோ குறைபட்ட குழம்பு என்றே நினைத்துச் சமைத்து வந்திருக்கிறேன். அந்த நினைப்பு அங்கேயே போய்விட்டது. மகள் மூன்று தரம் சோறு வாங்கினாள். பீன்ஸ் பொரியலும் உருளைக்கிழங்கு மசியலும் அவர் தோட்டத்துக் காய். காசு கொடுக்கப் போனதற்குத் திட்டுத்தான் கிடைத்தது. மேலும் இரண்டு கிலோ பூண்டு வாங்கிக்கொண்டோம், அதற்கு மட்டும் காசு எடுத்துக்கொண்டார்.

திரும்பும்போது பெருமாள்மலையில் பிரிந்து பழனிச் சாலையில் இறங்கினோம். கொடைக்கானலிலிருந்து பழனி 64 கிலோமீட்டர். சுற்று வழிதான், ஆனால் கூட்டம் குறைவு. வரதமாநதி அணை தெரியும்போது காதடைப்பு விட்டு வெக்கை முகத்தில் அடித்தது. மலையேற நேரமில்லை. அடிவாரத்தில் நின்று கும்பிட்டுவிட்டுத் தேவஸ்தானக் கடையில் பஞ்சாமிர்தம் வாங்கினோம்.

“அம்மா, இதுல என்ன இருக்கு?” என்று வழக்கம்போலக் கேட்டாள். மலை வாழைப்பழம், சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய், பேரீச்சை, கற்கண்டு என்று வரிசையாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, “அவ்வளவுதானா?” என்றாள். அவ்வளவுதான் என்றேன். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு விரலாலேயே வழித்துச் சாப்பிட ஆரம்பித்தாள். ஒட்டன்சத்திரம் வருவதற்குள் பாதி காலி. “உங்களுக்கு வேணும்னா இப்பவே எடுத்துக்கோங்க” என்று முன் சீட்டுக்கு நீட்டினாள்.