சவுத் பெண்டில் ஒரு டிசம்பர் இரவு: 70 டாலர் டாக்ஸியும் 12 அணி பிளேஆஃபும்

2024 டிசம்பரில் இந்தியானா மாநிலத்தின் சவுத் பெண்டுக்கு ஒரு கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம் பார்க்கப் போனேன். எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த டாக்ஸிக்காரரைப் பற்றி முதலில் சொல்லாவிட்டால் மனசு ஆறாது. சிகாகோவிலிருந்து சவுத் ஷோர் ரயில் ஏறினால் சவுத் பெண்ட் விமான நிலையத்திலேயே இறக்கிவிடும். அங்கிருந்து நோட்டர் டேம் பல்கலைக்கழகம் ஐந்து மைல் சுமாருக்கு. ஏறும்போது 25 டாலர் என்றார். வழியில் கூட்டத்தைப் பார்த்ததும் 70 ஆக்கிவிட்டார். பட்டப்பகல் கொள்ளை. ஏறுவதற்கு முன்பே தொகையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. சிகாகோ கடிகாரத்தைவிட சவுத் பெண்ட் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். ஆட்டம் அந்த ஊர் நேரப்படி இரவு 8 மணிக்கு. ப்ளூமிங்டனில், இந்தியானா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படிக்கும் என் மச்சினன் மட்டும் போன் செய்து, “மாமா, உங்க ஊர் மணிய நம்பாதீங்க, ஒரு வண்டி முன்னாடியே வந்துடுங்க” என்று சொல்லியிருக்காவிட்டால் பாதி ஆட்டம் போயிருக்கும். டிக்கெட்டும் அவன் தயவுதான். வர முடியாமல் போன ஒரு நண்பனிடமிருந்து ஆளுக்கு 250 டாலருக்கு வாங்கியிருந்தான். அந்த மாத பட்ஜெட் அங்கேயே காலி.

அப்படி என்ன ஆட்டம் என்று கேட்பீர்கள். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் 2014 சீசனிலிருந்து 2023 வரை நான்கே அணிகளுக்குத்தான் பிளேஆஃப், அதாவது சாம்பியன் யார் என்று முடிவு செய்யும் நாக்அவுட் சுற்று. 2023-இல் ஃப்ளோரிடா ஸ்டேட் 13 ஆட்டங்களையும் ஜெயித்தும் அந்த நான்குக்குள் வரவில்லை. 2024-இல் 12 அணிகள். முதல் சுற்று, தரவரிசையில் மேலே இருக்கும் அணியின் சொந்த ஊரில். அந்த வகையில் கல்லூரி மைதானத்தில் நடந்த முதல் பிளேஆஃப் ஆட்டம் டிசம்பர் 20-ஆம் தேதி நடந்த இதுதான்: நோட்டர் டேமும் இந்தியானாவும். ஒரே மாநிலம், ஆனால் 1991-க்குப் பிறகு இரண்டும் மோதவே இல்லை.

குளிர் உறைநிலைக்குக் கீழே. காதுமடல் எரிந்தது. கார் நிறுத்துமிடத்தில் சிவப்புக் குல்லாய் போட்ட ஒரு பெரியவர், நசுங்கிய அலுமினியப் பாத்திரத்தில் சில்லி கிண்டிக்கொண்டிருந்தார். மாட்டிறைச்சியும் ராஜ்மாவும் குழைந்து, அடியில் லேசாகப் பிடித்து, காரம் சுள்ளென்று ஏறியது. மேலே பிஸ்கட்டை நொறுக்கிப் போட்டுக் கொடுத்தார். இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். காசு வாங்க மறுத்துவிட்டார். அமெரிக்கா வந்து நான் சாப்பிட்ட மிகச் சிறந்த சாப்பாடுகளில் இது ஒன்று.

இந்தியானா பக்தர் அவர். நவம்பர் வந்தால் ஃபுட்பாலை மறந்துவிட்டுக் கூடைப்பந்துக்குப் போய்விடுவதுதான் அவர் வீட்டு வழக்கமாம். 2023-இல் 12 ஆட்டத்தில் 3 வெற்றி. 2024-இல் புதுப் பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டி வந்து 11 வெற்றி. நவம்பர் 23-இல் ஒஹையோ ஸ்டேட்டிடம் 38-15 என்று அடி வாங்கியபோது, பழைய கணக்கென்றால் கதை முடிந்தது. இந்த முறை அடுத்த சனிக்கிழமையும் தொண்டை கிழியக் கத்தினேன் என்றார்.

நோட்டர் டேம் கதையும் அதுதான். செப்டம்பர் 7-ஆம் தேதி சொந்த மைதானத்தில் நார்தர்ன் இல்லினாயிடம் 16-14 என்று தோற்றது. பிறகு எல்லாவற்றையும் ஜெயித்தும் தேர்வுக் குழுவின் கடைசிப் பட்டியலில் 5-வது இடம்தான். நான்கு அணி முறையென்றால் வெளியேதான்.

முதல் கால் பகுதியிலேயே இந்தியானா கோல் கோட்டை நெருங்கிவிட்டது. மச்சினன் என் தோளைப் பிடித்து உலுக்கினான். அவர்கள் எறிந்த பந்தை நோட்டர் டேமின் சேவியர் வாட்ஸ் பறித்தார். அடுத்த நகர்விலேயே அதே அணியின் ஜெரிமையா லவ் பந்தை வாங்கிக்கொண்டு 98 கெஜம் ஓடினார். 77,000 பேர் ஒரே நேரத்தில் குதித்ததில் காலடியில் சிமெண்ட் படி அதிர்ந்தது. கடைசி இரண்டு நிமிடங்களுக்குள் இந்தியானா இரண்டு டச் டவுன் (பந்தைக் கோல் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோவது) எடுத்தும் 27-17 என்று நோட்டர் டேமுக்கே வெற்றி.

சரி, இந்தியானா இங்கே வரத் தகுதியில்லை என்று அதற்குள் பேச்சு ஆரம்பித்துவிட்டது. எனக்குக் கோபம்தான் வருகிறது. 11 ஆட்டம் ஜெயித்தவர்களுக்கு இல்லாமல் வேறு யாருக்கு?

ஆனால் ஒன்று போய்விட்டது, அதையும் சொல்ல வேண்டும். நவம்பர் 30-இல் பரம எதிரி மிச்சிகனிடம் 13-10 என்று சொந்த ஊரில் தோற்ற ஒஹையோ ஸ்டேட், டிசம்பர் 21-இல் அதே மைதானத்தில் டென்னஸியை 42-17 என்று நொறுக்கியது. முன்பெல்லாம் அந்த ஒரு தோல்வி ஒரு வருஷத் துக்கம். இப்போது மூன்றே வாரத்தில் ஆறிவிடுகிறது. அந்தப் பயம்தான் மிச்சிகன் ஆட்டத்துக்கு உயிர் என்று நினைக்கிறவன் நான். இருந்தாலும் பெரியவரின் நவம்பருக்காக அதை விட்டுக்கொடுக்கலாம்.

ஆட்டம் முடிந்தபோது நள்ளிரவை நெருங்கிவிட்டது. ரயில் இல்லை. ஹீட்டர் இரவெல்லாம் லொடலொடத்த ஒரு மோட்டலுக்கு 280 டாலர்.

மறுநாள் ரயிலில் முன் இருக்கையில் நோட்டர் டேம் ஜாக்கெட்டில் ஒரு தம்பதி. ஜார்ஜியாவுடன் அடுத்த ஆட்டம் நியூ ஆர்லியன்ஸில், ஜெயித்தால் மயாமி பக்கம், அதையும் ஜெயித்தால் ஜனவரி 20-இல் அட்லாண்டா. ஒரு காகித உறையின் பின்பக்கம் விமானக் கட்டணத்தைக் கூட்டிக்கொண்டே வந்தார்கள். மிச்சிகன் சிட்டி வருவதற்குள் மயாமியைக் கோடு போட்டு அடித்துவிட்டார்கள். நியூ ஆர்லியன்ஸைச் சுற்றி மட்டும் வட்டம் போட்டிருந்தது.