லாரி ராபின்சனும் எங்கள் பேக் பிள்ளைகளும்

பெங்களூரு அல்சூரில் நான் ஹாக்கி சொல்லிக்கொடுக்கும் பெண்பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்கு ஃபார்வர்டு ஆடத்தான் ஆசை. பேக், அதாவது பின்னால் நின்று தடுத்து ஆடு என்றால் முகம் சுருங்கிவிடும். அவர்களிடம் நான் எடுக்கும் பெயர் லாரி ராபின்சன். அவர் ஆடியது ஐஸ் ஹாக்கி, எங்கள் பேக் மாதிரி அங்கே டிஃபென்ஸ்மேன். மாண்ட்ரியலில் குடியேறிய என் சித்தப்பா அந்த ஊர் கனடியன்ஸ் அணி என்றால் உயிரை விடுவார். அவர் அனுப்பிய பழைய மேட்ச் வீடியோக்களில்தான் ராபின்சனைப் பார்த்தேன். நானும் லெஃப்ட் பேக் ஆடியவள், விட முடியவில்லை.

ஒன்டாரியோவில் பால்பண்ணைக் குடும்பம். 1972-73 சீசனில் கனடியன்ஸுக்கு வந்து, ஆட்டக்காரராக ஆறு முறை ஸ்டான்லி கோப்பை, அதாவது வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகின் சாம்பியன் கோப்பை வென்றார். சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நாரிஸ் விருது 1977-லும் 1980-லும். இதையெல்லாம் விட எனக்குப் பெரிதாகப் படுவது 1976-77 சீசனில் அவர் எடுத்த பிளஸ் 120. பவர் பிளே கோல்களை, அதாவது எதிரணியில் ஆள் குறைந்திருக்கும்போது போடும் கோல்களை விட்டுவிட்டு, ஒருவர் களத்தில் இருக்கும்போது அவர் அணி கோல் போட்டால் ஒன்று கூட்டுவார்கள், வாங்கினால் ஒன்று கழிப்பார்கள். பாஸ்டனின் டிஃபென்ஸ்மேன் பாபி ஆர் 1970-71-ல் எடுத்த 124 மட்டும்தான் இதற்கு மேல். பின்னால் நிற்பவளின் உழைப்பை இப்படிக் கணக்கில் எழுதி வைப்பது எவ்வளவு நல்ல வழக்கம்!

வீடியோவில் அவர் கால்களைப் பார்க்க வேண்டும். எதிராளி பக்கை (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) தள்ளிக்கொண்டு பாய்ந்து வருவான். இவர் முதுகைக் காட்டாமல், அவனைப் பார்த்தபடியே பின்னோக்கிச் சறுக்குவார். இடையில் ஒரு ஸ்டிக் நீளம்தான் இருக்கும். நடுவில் வழி இல்லை என்று தெரிந்ததும் அவனே ஓரத்துக்குப் போவான், அங்கே பலகைச் சுவர். 1976 இறுதிப்போட்டியில் பிலடெல்ஃபியாவின் கேரி டோர்ன்ஹோஃபரை இவர் இடித்த இடியில் அந்தப் பலகையே உள்வாங்கிவிட்டது. சரிசெய்த பிறகுதான் ஆட்டம் தொடர்ந்தது. எங்களுக்குச் சுவர் கிடையாது, சைட்லைன்தான். பாடம் அதேதான்: பந்து ஏமாற்றும், எதிராளியின் நெஞ்சைப் பார்.

1992-ல் ஆட்டத்தை நிறுத்தினார். அடுத்த வருஷமே நியூ ஜெர்சி டெவில்ஸில் உதவிப் பயிற்சியாளர். ஸ்காட் ஸ்டீவன்ஸ், ஸ்காட் நீடர்மேயர் மாதிரி டிஃபென்ஸ்மேன்கள் எல்லாம் இருந்த அந்த அணி 1995-ல் கோப்பை வென்றது. லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸில் தலைமைப் பயிற்சியாளராக இருந்த நாலு சீசன் சரியாக அமையவில்லை. மறுபடி டெவில்ஸில் உதவியாளர்.

2000 மார்ச்சில், லீக் ஆட்டம் எட்டே பாக்கி இருக்கும்போது தலைமைப் பயிற்சியாளரை நீக்கி இவரை உட்கார வைத்தார்கள். இறுதிக்கு முந்தைய சுற்றில், ஏழு ஆட்டத் தொடரில், பிலடெல்ஃபியாவிடம் 3-1 என்று பின்தங்கியாயிற்று. நாலாவது ஆட்டம் முடிந்ததும், சாதுவான இந்த மனிதர் டிரெஸ்ஸிங் ரூமில் குப்பைத்தொட்டியை எட்டி உதைத்துக் கத்தித் தீர்த்துவிட்டார். அடுத்த மூன்று ஆட்டமும் டெவில்ஸுக்கு. இறுதிச்சுற்றில் டல்லாஸ் அணி, ஆறாவது ஆட்டம், இரண்டாவது ஓவர்டைம், ஜேசன் ஆர்னாட்டின் கோல். கோப்பை வந்துவிட்டது.

எனக்கு முக்கியம் அதற்குப் பிறகு நடந்தது. 2002 ஜனவரியில் வேலை போனது. 2005-ல் திரும்பத் தலைமைப் பொறுப்பு. அந்த டிசம்பரிலேயே, அழுத்தம் தாங்காமல் உடம்பு கெடுகிறது என்று தானாகவே விலகினார். ஆனால் ஹாக்கியை விடவில்லை. டெவில்ஸிலும் பிறகு சான் ஹோசே ஷார்க்ஸிலும் உதவியாளராகச் சொல்லிக்கொடுத்தார். 2019-ல் செயின்ட் லூயிஸ் ப்ளூஸ் முதன்முறையாகக் கோப்பை வென்றபோது ஆலோசகராகக் கூடவே இருந்தார். தலைமை இருக்கையை விட்டு இறங்கினால் நம் ஊரில் தோற்றுவிட்டான் என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். டிஃபென்ஸ்மேன்களோடு நிற்பதுதான் அவர் வேலை, அதை அவர் அறிந்திருந்தார்.

எங்கள் கிளப்பில் வரும் சீசனுக்கு என்னைத் தலைமைப் பயிற்சியாளராகக் கேட்டார்கள். டிஃபென்ஸ் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டேன். "வர்ற பதவிய யாராவது வேணாம்பாங்களா?" என்று அம்மாவுக்கு வருத்தம்தான். "அப்போ எங்களுக்குத் தனியா பிராக்டிஸாக்கா?" என்று எங்கள் ரைட் பேக் கேட்டாள். ஆமாம், சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு. பின்னோக்கி ஓடுவதிலிருந்து ஆரம்பிக்கிறோம்.