கோப்பினை மறந்த காதல்

பாஸ்கல் போனிட்சேர் 2012இல் இயக்கிய 'ஷெர்ஷே ஒர்தான்ஸ்' என்ற பிரெஞ்சு நகைச்சுவைப் படம் எனக்குப் பெருத்த ஏமாற்றமாக அமைந்தது. நாடு கடத்தப்படும் அபாயத்தில் இருக்கும் ஒரு பெண்ணுக்காக, பிரான்சின் உச்ச நிர்வாக நீதிமன்றத்தில் உயர்பதவி வகிக்கும் தன் தந்தையிடம் பரிந்து பேச வேண்டிய பேராசிரியராக ழான்-பியேர் பாக்ரி நடித்திருக்கிறார். தந்தையாக வரும் குளோட் ரிச் மகனுக்குச் சில நிமிடங்களை மட்டும் ஒதுக்கி, பேச்சை வேறு திசைக்குத் திருப்பிவிடும்போது, கேட்க வந்ததைக் கேட்க முடியாமல் பாக்ரியின் முகம் இறுகுவதைப் பார்ப்பதே வேதனையாக இருக்கிறது. அதிகாரத்தின் அலட்சியத்தை இதைவிடக் கூர்மையாகக் காட்ட முடியாது. ஆனால் மணவாழ்க்கையின் விரிசலும் புதிய காதலும் கதையை ஆக்கிரமித்த பிறகு, அந்தப் பெண்ணின் வாழ்வையே தீர்மானிக்கும் அவளது கோப்பு, காதலர்களைச் சந்திக்க வைக்கும் வெறும் சாக்காகச் சுருங்கிவிடுவதை என்னால் ஏற்க இயலவில்லை.