ஐந்தரைக்கு இறால், ஏழு மணிக்குப் புட்டு

புதன்கிழமை வேலை முடிந்து புதுக்குடியிருப்புச் சந்தியில் பஸ்ஸால் இறங்கும்போது ஐந்தரை. மோட்டார் சைக்கிளில் றெஜிபோம் பெட்டி கட்டி நின்ற அண்ணை, "நந்திக்கடல் இறால் தங்கச்சி, விடியப் பிடிச்சது, முக்கால் கிலோதான் கிடக்கு" என்றார். ஒன்றை எடுத்துத் தலையைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தேன். கழரவில்லை, கோதும் வழுவழுக்கவில்லை. முழுவதையும் நிறுக்கச் சொல்லிவிட்டேன்.

நந்திக்கடலில் வரும் இந்தச் சின்ன இறால்தான் எனக்குப் பெரிய இறாலைவிடப் பிடிக்கும். மாரியில் வயலும் குளமும் நிரம்பி வழிந்த தண்ணீர் வந்து சேர, வட்டுவாகல் பக்கம் முகத்துவாரம் திறந்தால் கடல் நீரும் கலக்கிற களப்பு அது. கடலில் பொரித்த குஞ்சுகள் உள்ளே வந்து வளரும். அந்தத் தண்ணீரில் வளர்ந்த இறாலில் ஒரு இனிப்பு இருக்கிறது, எவ்வளவு தூள் போட்டாலும் அது அடங்காது.

வேலை நாளில் இறால் வாங்கப் பலர் தயங்குவது சமையலுக்குப் பயந்து இல்லை, துப்பரவாக்குவதற்குப் பயந்துதான். அதனால் வீட்டுக்கு வந்ததும் மகளையும் கூப்பிட்டுக் குசினி வாசலில் இருந்துவிட்டேன். தலையை முதலில் கழற்ற வேண்டும், ஏனென்றால் இறாலின் செரிமானச் சுரப்பி அங்கேதான் இருக்கிறது, பழுதாவதும் அங்கேயிருந்துதான் தொடங்கும். பிறகு கோதை வயிற்றுப் பக்கமாக விரித்தால் ஒரே இழுவையில் வந்துவிடும். முதுகில் கறுப்பாக ஓடுவதை நரம்பு என்பார்கள், அது குடல், களப்பு இறாலில் அதற்குள் சேறும் இருக்கும். ஈர்க்குக் குச்சியால் இரண்டாவது கணுவில் குத்தி இழுத்தால் அறாமல் வரும். இருவருமாக அரை மணித்தியாலத்தில் முடித்தோம்.

தலையையும் கோதையும் தயவுசெய்து எறியாதீர்கள். நன்றாகக் கழுவி, தாச்சியில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு வறுத்தேன். எட்டிப் பார்த்த மகன் "ஏனம்மா சிவக்குது?" என்றான். அந்தச் சிவப்பு கோதுக்குள் முன்பே இருக்கிறது, ஒரு புரதம் அதைப் பிடித்து மறைத்து வைத்திருக்கிறது, சூடு பட்டதும் பிடி விட்டுப்போகிறது என்று சொன்னேன். இரண்டு கோப்பைத் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து வடித்தால் செம்மஞ்சளாக ஒரு சாறு வரும். கறியின் உயிரே அதுதான்.

இதற்கிடையில் மாமி சிவப்பரிசி மாவைக் குழைத்து நீத்துப்பெட்டியில் போட்டு அடுப்பில் ஏற்றியிருந்தார்.

சட்டியில் சின்ன வெங்காயம், உள்ளி, பச்சை மிளகாய், வெந்தயம், கறிவேப்பிலை வதக்கி, வறுத்துத் திரித்த கறித்தூள் மூன்று கரண்டி, பழப்புளிக் கரைசல், உப்பு, அந்தச் சாறு எல்லாம் விட்டு, எண்ணெய் மேலே வரும்வரை வற்ற விட்டேன். குழம்பு முழுதாக ஆயத்தமான பிறகுதான் இறால். மாமி எப்போதும் முதலிலேயே போட்டு அவிய விடுவார், "கடல் சாமான் நல்லா வேக வேணும் பிள்ளை" என்பார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்த அளவு இறாலுக்கு நாலு நிமிடம் போதும், வளைந்து, கண்ணாடி போல இருந்த சதை வெள்ளையானால் வெந்துவிட்டது, அதற்கு மேல் விட்டால் றப்பர். அப்புறம் தேங்காய் முதற்பால் அரைக் கோப்பை, முற்றத்து முருங்கையிலை ஒரு கைப்பிடி, ஒரு கொதி வந்ததும் இறக்கிவிட்டேன்.

ஏழு மணிக்கு எல்லோரும் இருந்தோம். மாமி ஒரு இறாலைப் புட்டோடு பிசைந்து வாயில் வைத்து, "பஞ்சு மாதிரிக் கிடக்கு" என்றார். சட்டியில் மிஞ்சிய குழம்பை மகன் காலையில் பாணுக்கு என்று சொல்லி மூடி வைத்துவிட்டான்.