ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய கணினி

பள்ளத்தூரில் எங்கள் வீட்டில் பலகார வியாபாரம் நடக்கிறது. முகப்பில் இருக்கும் கணினியில் நான் விண்டோஸில் பில் போடுகிறேன். கல்லூரியில் படிக்கும் மகள் அதே கணினியில், விண்டோஸைப் போன்ற இன்னொரு இயங்குதளமான உபுண்டுவையும் நிறுவினாள். அன்றிலிருந்து விண்டோஸில் நேரம் பிசகியது. சரிசெய்து வைப்பேன், அவள் உபுண்டுவில் வேலை பார்த்துவிட்டு எழுந்தால் மறுபடியும் தவறு. கல்யாண வீட்டுக்குத் தேன்குழலும் மாவுருண்டையும் அனுப்ப விடியற்காலை ஐந்து மணிக்குப் போட்ட பில்லில் முந்தைய நாள் தேதி விழுந்திருந்தது. அது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. கணக்கில் தேதி தவறினால் பிறகு எதை நம்புவது?

கணினி அணைந்திருக்கும்போதும் நேரம் ஓட, மதர்போர்டில் இருக்கும் 3 வோல்ட் பட்டன் பேட்டரிதான் காரணம் என்று நினைத்தேன். காரைக்குடிக்குப் போய் சிஆர் 2032 வாங்கிவந்து மாற்றினேன். மாற்றம் ஒன்றும் இல்லை.

வழியைக் காட்டியவர் அப்பச்சி, என் அப்பா. வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், தொங்கும் பெண்டுலம் கடிகாரத்துக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் சாவி கொடுப்பவர் அவர். "சாவி குறைந்த கடிகாரம் நாளுக்கு நாள் பின்னால் போகும். இது எப்போதும் ஒரே அளவில்தானே பின்னால் நிற்கிறது?" என்றார். வளவுக் கடிகாரத்தில் பத்தரை, கணினியில் ஐந்து. சரியாக 5.30 மணி நேரம்! கிரீன்விச்சை ஒட்டிய உலகப் பொது நேரத்துக்கும் இந்திய நேரத்துக்கும் உள்ள இடைவெளி அதே அளவு.

பிறகு எல்லாம் விளங்கியது. கணினியை அணைத்தாலும் உள்ளே ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். விண்டோஸ் அதில் இருப்பதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. உபுண்டு அதை உலகப் பொது நேரமாகக் கருதுகிறது. இணையத்தில் சரியான நேரத்தைப் பெற்று, ஐந்தரை மணி நேரத்தைக் கழித்து அதில் எழுதிவைக்கிறது. கடிகாரத்தில் பழுதே இல்லை. படிப்பவர்கள்தான் இரண்டு விதமாகப் படிக்கிறார்கள்.

விண்டோஸையே உலகப் பொது நேரமாகப் படிக்கும்படி மாற்ற முடிவு செய்தேன். விண்டோஸின் அமைப்புகள் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரியைத் திருத்த உதவும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து, லோக்கல் மெஷின், சிஸ்டம், கரண்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல் வழியாக டைம் ஜோன் இன்ஃபர்மேஷனுக்குப் போனேன். அங்கே 'ரியல்டைம்ஈஸ்யுனிவர்சல்' என்று ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் பெயரிட்டு, 32 பிட் டிவேர்ட் என்ற எண் வகைப் பதிவு ஒன்றை உருவாக்கி மதிப்பை 1 ஆக்கினேன். ரெஜிஸ்ட்ரியில் கை வைக்கும் முன் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள், நான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்குத் திறந்தால் பதினொன்றரை! இப்போது ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நான் செய்தது தெரியாமல், முந்தைய இரவு மகளும் தன் பக்கத்தில் டைம்டேட்சிடிஎல் கட்டளையால் உபுண்டுவை உள்ளூர் நேரத்துக்கு மாற்றியிருந்தாள். இருவரில் ஒருவர் மட்டுமே மாற்ற வேண்டும். அவள் பக்கத்தை உள்ளூர் நேரத்தில் விட்டு, நான் செய்ததை நீக்கியிருந்தாலும் சரியாகியிருக்கும். ஆனால் அந்த ஏற்பாட்டில் சிக்கல் வரக்கூடும் என்று உபுண்டுவே எச்சரிக்கிறது. அதனால் டெர்மினலில் அதே கட்டளையோடு 'செட்-லோக்கல்-ஆர்டிசி 0' என்று கொடுத்து அவள் பழைய நிலைக்குத் திருப்பினாள். பிறகு விண்டோஸைத் திறந்தோம். வளவுக் கடிகாரமும் கணினியும் ஒரே நேரத்தைக் காட்டின.

அன்று மாலையே, தேதி தவறிய பில்லைத் திருத்தி கல்யாண வீட்டுக்கு மறுபடியும் அனுப்பினேன்.